வரைந்து அளப்பதா, சைன்–காஸ் போடுவதா?

மாலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறேன். வெக்டர் (அளவோடு திசையும் உள்ள கணியம்) பாடம் வந்துவிட்டால் வருடா வருடம் இதே தகராறுதான். காய்கறிக்காரர் தக்காளியைக் கூறு கட்டுகிற மாதிரி, ஒரு இடப்பெயர்ச்சியை இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில் ஆளுக்கொரு கட்சி.

கணக்கு இது. வேலூர்க் கோட்டை வாசலிலிருந்து, வடக்கிலிருந்து கிழக்கே 40° சாய்ந்த திசையில் 6 கி.மீ. போனால், கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு? தண்ணீரில்லா ஆறு என்று ஊரே கேலி பேசினாலும் பாலாற்றைத் தாண்ட பாலத்துக்குத்தான் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிப் போவது தொலைவு. நமக்கு வேண்டியது கயிறு பிடித்தாற்போன்ற நேர்கோடு, அதுதான் இடப்பெயர்ச்சி.

முதல் கட்சி கிராஃப் தாள். 1 செ.மீ. என்றால் 1 கி.மீ. என்று வைத்துக் கோணமானியில் 40° குறித்து, 6 செ.மீ. கோடு இழுத்து, நுனியிலிருந்து இரண்டு அச்சுக்கும் செங்குத்து இறக்கினால் கிழக்கே 3.9, வடக்கே 4.6 கிடைக்கும். பென்சில் மொக்கையாக இருந்து கோணம் 1° பிசகினால் நுனி ஏறக்குறைய 1 மி.மீ. நகரும், நிஜத்தில் அது 100 மீட்டர். அளவுத்திட்டத்தைப் பெரிதாக்கினால் நீளத்தைத் துல்லியமாகப் படிக்கலாம், ஆனால் கோணப் பிசகு அப்படியே இருக்கும். ஐந்தாறு இடப்பெயர்ச்சிகளைக் கூட்டச் சொன்னால் பிசகுகளும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது கட்சி சைன்–காஸ். 6 × சைன் 40° = 3.86 கி.மீ. கிழக்கே; 6 × காஸ் 40° = 4.60 கி.மீ. வடக்கே. இரண்டே பெருக்கல், முடிந்தது. ஆனால் வில்லங்கமும் இங்கேதான். "எக்ஸுக்குக் காஸ், ஒய்க்கு சைன்" என்று மனப்பாடம் செய்தவர்கள், கோணம் வடக்கிலிருந்து எண்ணப்பட்டதைக் கவனிக்காமல், எக்ஸ் அச்சான கிழக்குக்குக் காஸ் போட்டுவிடுவார்கள். போன வாரம் ஒரு பையன் அப்படித்தான் மாற்றிப் போட்டுவிட்டு, "சார், பித்தாகரஸ் போட்டு செக் பண்ணிட்டேன், சரியா ஆறு வருது" என்றான். வரத்தானே செய்யும்! இடம் மாறினாலும் அதே இரண்டு எண்கள்தானே வர்க்கமாகிக் கூடுகின்றன. அவன் போய் நின்ற இடம் சரியான இடத்திலிருந்து 1 கி.மீ.க்கும் மேல் தள்ளி. கிராஃப் போட்டவனுக்கு இந்தத் தவறு நேராது. கோடு வடக்கை ஒட்டிச் சாய்வது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: கோணத்தை எப்போதும் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகவே எண்ணுவது. அப்போது எக்ஸுக்குக் காஸ் என்பது பொய்க்காது, குறியும் தானே வரும். தெற்கிலிருந்து மேற்கே 20° என்றால் 250°, 6 கி.மீ.க்குக் கூறுகள் −2.05, −5.64. கால்குலேட்டர் கையில் இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். (அது ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) தேர்வு அறையிலோ லாக் புத்தகம்தான். அதில் சைன் அட்டவணை 90°யோடு நின்றுவிடும். 250°யை மறுபடி 70° ஆக்கி, குறியைக் கையால்தான் போட வேண்டும். அப்புறம் என்ன லாபம்?

அதனால் தேர்வுக்கு நான் சொல்லித்தருவது கலப்படம். அளவு எதுவும் இல்லாமல் ஓரத்தில் ஒரு கிறுக்கல் படம். கோணம் எந்த அச்சைத் தொடுகிறதோ அதற்குக் காஸ், மற்றதற்கு சைன். குறி படத்தைப் பார்த்து. 40° என்பது 45°க்குக் குறைவு, ஆகவே வடக்குக் கூறுதான் பெரிதாக வர வேண்டும். அந்தப் பையனிடம் இதை மட்டும் கேட்டேன். பேசாமல் அழிரப்பரைத் தேட ஆரம்பித்தான்.