காரைத் தானம் கொடுத்தேன், 1,140 டாலர் தண்டம் அழுதேன்

கலிஃபோர்னியாவில் பழைய காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்களுடையது 2009 கேம்ரி. விற்றால் இரண்டாயிரமாவது தேறியிருக்கும். குழந்தைகளின் வைத்தியத்துக்குப் போகட்டுமே என்றாள் மனைவி. இணையத்தில் படிவம் நிரப்பினால் வீட்டுக்கே வந்து வண்டியை இழுத்துப்போகும் இடைத்தரகு நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம். போனில் பேசிய பெண்ணுக்கு அப்படியொரு இனிமை. "டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) வேலை முழுக்க எங்கள் பொறுப்பு, நீங்கள் சாவியைக் கொடுத்தால் போதும்" என்றார். டோ டிரக்கில் வந்தவர் டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், கையெழுத்து வாங்கினார். வாங்குபவர் பெயரைக் காலியாக விடச் சொன்னார், எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்களாம். போகும்போது ஒரு நன்றி அட்டை வேறு. நாங்கள் இருவரும் வாசலில் நின்று டிரக்குக்குக் கையசைத்தோம்! நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் ஓக்லாந்திலிருந்து கடிதம். இடைத்தரகு ஏலத்தில் விட்ட வண்டியை எடுத்த யாரோ பெயர் மாற்றாமலே ஓட்டி, தெருவில் விட்டுப் போயிருக்கிறார். பார்க்கிங் அபராதம், இழுத்த கூலி, இழுத்த வண்டியை நிறுத்திவைத்த யார்டுக்கு வாடகை, வண்டியை யார்டே விற்றும் தீராத பாக்கி 1,140 டாலர். டிஎம்வி கணக்கில் இன்னும் நான்தான் உரிமையாளராம்.

இடைத்தரகைக் கேட்டால் ஏலக்காரரைக் கேள் என்கிறார்கள். ஏலக்காரர் தொண்டு நிறுவனத்தைக் கை காட்டுகிறார். அவர்களோ, "விற்ற பணத்தில் எங்களுக்கு ஒரு பங்கு வரும், வண்டி விவரம் தெரியாது." இனிமைப் பெண் லைனுக்கே வருவதில்லை. மின்னஞ்சலுக்கு வரும் தானியங்கிப் பதில்: "உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி." 1,140 டாலர் பெருந்தன்மை!

வரிக் கணக்கில் 4,000 டாலர் கழிக்கலாம் என்று இடைத்தரகு சொன்னதும் புளுகு. வண்டித் தானத்துக்கு வரும் 1098-சி வரிப் படிவத்தில் ஏல விலை 650 என்று வந்தது. பெரும்பாலும் விற்ற தொகைதான் கணக்கு. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் ஒரே நிலையான தொகையைக் கழிப்பது) எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வண்டி போன அன்றே டிஎம்வி தளத்தில் ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டியை (வண்டி இனி என் பொறுப்பில்லை என்ற அறிவிப்பு) நீங்களே போடுங்கள். 5 நாள்தான் கெடு, கட்டணம் இல்லை. டைட்டிலில் பெயரைக் காலியாக விடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்தால் தொண்டு நிறுவனத்திடமே நேராகக் கொடுங்கள்.

வசூல் ஏஜென்சிக்கு அனுப்பிவிடுவோம் என்றதால் 1,140 டாலரையும் இன்று காலை கட்டிவிட்டேன். ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) படிவம் மேசையில் இருக்கிறது. யாராவது அங்கே போய் ஜெயித்திருந்தால் சொல்லுங்கள்.