தாமதத்தின் அளவையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் கருவி: ‘ஆர்டிஎல்ஏ டைமர்லாட்’ மதிப்புரை

நான் பராமரிக்கும் மோட்டார் கட்டுப்பாட்டு நிரல் ஒன்று 2 மில்லி வினாடிக்கு ஒருமுறை விழித்து, சென்சாரைப் படித்து, அடுத்த கட்டளையை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்க வேண்டும். லினக்ஸில் ஓடும் அந்த நிரல், பகலில் கணினி முழு வேலையில் இருக்கும்போது ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வேலை ஓய்ந்த இரவு நேரத்தில், கணினிக்குச் செய்வதற்கு ஏதுமில்லாத வேளையில், விழிக்க வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு எச்சரிக்கைப் பதிவுகளை எழுதத் தொடங்கியது. சுமை கூடினால் தாமதம் கூடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. விழிப்புத் தாமதத்தை அளக்கும் ‘சைக்ளிக்டெஸ்ட்’ கருவியை ஓர் இரவு முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். காலையில் அது காட்டிய உச்சத் தாமதம் என் வரம்புக்குள் தாராளமாக அடங்கியிருந்தது. இந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது ‘ஆர்டிஎல்ஏ’ என்ற கருவித்தொகுப்பும் அதிலுள்ள ‘டைமர்லாட்’ என்ற அளவியும்தான். அன்றிலிருந்து தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன் என்பதால், அதன் பலத்தையும் பலவீனத்தையும் பற்றி எழுதும் அளவுக்கு இப்போது எனக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு த்ரெட் (நிரலின் ஓர் இயக்க இழை) விழிக்க வேண்டிய நொடி வந்ததற்கும், அது உண்மையில் சிபியுவில் ஏறி முதல் வரியை இயக்குவதற்கும் இடையிலுள்ள காலத்தைத்தான் ஷெட்யூலிங் தாமதம் என்கிறோம். அடுத்து எந்த த்ரெட் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் பெயரில் இருப்பதால் பழியெல்லாம் அதன் மேல் விழுகிறது. ஆனால் அந்தச் சிறு இடைவெளிக்குள் பல பேருடைய வேலை அடங்கியிருக்கிறது. டைமர் அடிக்கும்போது சிபியு ஆழ்ந்த ஓய்வு நிலையில் இருக்கலாம். அது எழுந்து வரவே நேரமாகும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு த்ரெட், ஏதோ ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்டரப்ட்களை, அதாவது சிபியுவை இடைமறிக்கும் சமிக்ஞைகளை, மூடி வைத்திருக்கலாம். இன்டரப்ட் வந்து சேர்ந்த பிறகும் லினக்ஸின் மையமான கெர்னலின் ஒரு பகுதி ப்ரீஎம்ப்ஷனை, அதாவது ஓடும் த்ரெட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதை, தடுத்து வைத்திருக்கலாம். இவையெல்லாம் முடிந்த பின்புதான் ஷெட்யூலர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டமே வருகிறது. ஆகவே ‘உச்சத் தாமதம் 180 மைக்ரோ வினாடி’ என்று மட்டும் ஒரு கருவி சொன்னால், காய்ச்சல் இருக்கிறது என்று தெரிந்ததே தவிர எதனால் காய்ச்சல் என்று தெரியவில்லை.

டைமர்லாட் இரண்டு பகுதிகளாக வருகிறது. அளக்கும் வேலையைச் செய்யும் ட்ரேசர் (கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் பகுதி), ‘ஓஎஸ்நாய்ஸ்’ என்ற அதன் உடன்பிறப்போடு சேர்ந்து 2021-இல் 5.14 கெர்னலில் நுழைந்தது. அதை எளிதாக இயக்கி முடிவுகளை வாசிக்கும்படி தரும் ஆர்டிஎல்ஏ என்ற கட்டளை, 2022-இல் 5.17 கெர்னலோடு அதன் மூலநிரலுக்குள்ளேயே வெளிவந்தது. இரண்டையும் எழுதியவர் டேனியல் பிரிஸ்டோட் டி ஒலிவேரா. லினக்ஸின் டெட்லைன் ஷெட்யூலரிலும் ஆழமாக உழைத்த அவர் 2024 ஜூனில் காலமானார். கெர்னல் சமூகம் கருவியைத் தொடர்ந்து பராமரிக்கிறது என்பது ஆறுதல். ஆயினும் தாமதத்துக்கு ஒரு கோட்பாட்டு விளக்கம் வேண்டும், அந்த விளக்கத்தைக் கருவியே பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த ஒருவரின் கை இதில் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

அளக்கும் முறை எளிமையானது, அதனாலேயே நம்பகமானது. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு த்ரெட்டை அமர்த்தி, குறித்த நேரத்தில் அடிக்கும்படி டைமரை வைக்கிறது. டைமர் இன்டரப்டைக் கையாளும் நிரல் தொடங்கியதும், குறித்த நேரத்திலிருந்து எவ்வளவு பிந்தினோம் என்று ஒரு கணக்கை எழுதுகிறது. த்ரெட் விழித்து ஓடத் தொடங்கியதும் அதே நேரத்திலிருந்து இன்னொரு கணக்கை எழுதுகிறது. திரையில் ஒரு சிபியுவுக்கு இந்த இரண்டு அளவுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் அளவே பெரிதாக இருந்தால் குற்றவாளி இன்டரப்ட் வருவதற்கு முன்பே இருக்கிறார். முதல் அளவு சிறிதாக இருந்து இரண்டாவது பெரிதானால், விழிப்புக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் தேட வேண்டும். பயனர் வெளியில் த்ரெட்டை ஓட்டும் வசதி பின்னர் சேர்ந்தபோது, கெர்னலுக்குத் திரும்பிவரும் நேரத்தைக் காட்டும் மூன்றாவது அளவும் கிடைத்தது. சைக்ளிக்டெஸ்ட் இத்தனையையும் ஒரே எண்ணாகக் கூட்டித் தருகிறது. தாமஸ் க்ளெய்க்ஸ்னர் எழுதி, குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய ரியல்டைம் லினக்ஸ் உலகமே பல ஆண்டுகள் நம்பி நடந்த அளவுகோல் அது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது கேட்கும் கேள்வி வேறு.

இந்தக் கருவியை வாங்க வேண்டியதில்லை, இலவசமானது. ஆனால் ‘விலை கொடுத்தாலும் தகும்’ என்று என்னைச் சொல்லவைத்தது அதன் தானியங்கிப் பகுப்பாய்வு. ‘ஏ’ என்ற விருப்பத்தோடு 40 என்று கொடுத்தால், எந்தச் சிபியுவிலாவது தாமதம் 40 மைக்ரோ வினாடியைத் தாண்டிய கணமே அளவீட்டை நிறுத்தி, நடந்ததைப் பிரித்துச் சொல்லிவிட்டு, முழு ட்ரேசையும் ஒரு கோப்பில் சேமித்து வைக்கிறது. அதன் ஆவணத்திலேயே உள்ள எடுத்துக்காட்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கருவியின் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. 23-ஆம் எண் சிபியு வரம்பைத் தாண்டுகிறது. த்ரெட்டின் மொத்தத் தாமதம் 41.96 மைக்ரோ வினாடி. அதில் 27.49 மைக்ரோ வினாடி, அதாவது 65.52 விழுக்காடு, இன்டரப்டைக் கையாளத் தொடங்குவதற்கே ஆன தாமதம். டைமர்லாட்டின் சொந்த இன்டரப்ட் வேலை 9.59. வழியை மறித்த த்ரெட்டுக்குப் போனது 3.79. மறித்தவர் பெயரும் எண்ணும் கூட அடுத்த வரியில் இருக்கின்றன: கெர்னலைத் தொகுக்கும்போது ஓடும் ‘ஆப்ஜ்டூல்’. அதன் கீழே, டைமர் அடித்த கணத்தில் அந்த த்ரெட் கெர்னலுக்குள் எங்கே நின்றது என்பதைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸ், அதாவது ஒன்றையொன்று அழைத்த செயல்பாடுகளின் பட்டியல். அதைக் கீழிருந்து மேலாக வாசித்தால், ‘பிடிஆர்எஃப்எஸ்’ கோப்பு முறைமையில் எழுதப்போன அந்த நிரல், நிரல்களைக் குழுக்களாக்கி வரம்பு வைக்கும் சிகுரூப்பின் நினைவகக் கணக்குப் பகுதிக்குள் ‘ஸ்பின் லாக்’ என்ற பூட்டைப் பிடித்து இன்டரப்ட்களை மூடியிருந்தது என்று புலப்படுகிறது. இதே விவரத்தை வெறும் ட்ரேஸ் கோப்பிலிருந்து தேடி எடுக்க, ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் நேர முத்திரைகளைக் கையால் கழித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த 9.59 என்ற எண்ணைக் கவனியுங்கள். அளக்கும் கருவி தன் சொந்தச் செலவையும் மறைக்காமல் கணக்கில் எழுதுகிறது. ஸ்டாக்கைப் பதிவுசெய்து ட்ரேசையும் இயக்கினால் தாமதம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூடியதில் தன் பங்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவது நேர்மை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவுகோலின் எடையையும் கழித்துக்கொள்ள இடம் தரும் கருவிகள் மிகக் குறைவு.

என் மோட்டார் நிரலுக்கு வருகிறேன். டைமர்லாட் இயல்பாக 1,000 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை விழிக்கிறது. என் நிரலின் இடைவெளி 2,000 என்பதால் அதையே கொடுத்து, இரவில், வேறு சுமை ஏதுமின்றி ஓட்டினேன். சில நிமிடங்களிலேயே வரம்பைத் தாண்டி நின்றது. இன்டரப்ட் தாமதம் ஏறக்குறைய முழுத் தாமதத்தையும் விழுங்கியிருந்தது. கடைசியில் ‘இந்தக் கணினியில் ஓய்வு நிலையிலிருந்து வெளிவரும் தாமதம் உள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி. வேலையில்லாத சிபியு மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுந்து வரும் நேரம்தான் என் நிரலைப் பிந்தவைத்தது. பகலில் சிபியு உறங்கவே இல்லை, எனவே பகலில் சிக்கலும் இல்லை.

அப்படியானால் சைக்ளிக்டெஸ்ட் ஏன் இதைக் காட்டவில்லை? அது தொடங்கியதுமே ‘சிபியு டிஎம்ஏ லேட்டன்சி’ என்ற சாதனக் கோப்பைத் திறந்து 0 என்று எழுதிவிடுகிறது. ஆழ்ந்த உறக்கம் வேண்டாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் வழி அது. நான் அளந்துகொண்டிருந்த கணினியும் என் நிரல் ஓடிய கணினியும் ஒன்றே என்றாலும், அளக்கும் நேரத்தில் அது வேறு குணத்தோடு இருந்தது. ‘லேப்டாப்’ என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால் சைக்ளிக்டெஸ்ட் அப்படிச் செய்திருக்காது. ஆவணத்தைக் கவனமாகப் படிக்காதது என் தவறு. டைமர்லாட் நாம் கேட்டால் ஒழிய அந்தக் கோப்பைத் தொடுவதில்லை, கேட்டால் நாம் தரும் மதிப்பை எழுதுகிறது. ஆகவே 0 கொடுத்து ஒருமுறையும் கொடுக்காமல் ஒருமுறையும் ஓட்டி, காரணத்தை உறுதிசெய்துகொண்டேன். பிறகு என் நிரலே தொடக்கத்தில் அந்தக் கோப்பைத் திறந்து 0 எழுதும்படி மாற்றினேன். எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடக் கூடாது; மூடினால் கோரிக்கையும் ரத்தாகிவிடும். மின்செலவு சற்றுக் கூடியது. இரவு எச்சரிக்கைகள் நின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, கிடைப்பதில் உள்ள சிரமம். ஃபெடோராவிலும் ரெட் ஹாட்டிலும் தனிப் பொதியாகவே கிடைக்கிறது. மற்ற இடங்களில் கெர்னல் மூலநிரலிலிருந்து, ட்ரேஸ் தொடர்பான இரண்டு லைப்ரரிகளோடு சேர்த்து நாமே தொகுக்க நேரலாம். கெர்னலில் டைமர்லாட் ட்ரேசர் இயக்கப்பட்டிருக்க வேண்டும், ரூட் உரிமை வேண்டும். சிறிய போர்டுகளோடு வரும் கெர்னல்களில் முதல் நிபந்தனையே பல நேரம் தவறிவிடுகிறது. நான் பயன்படுத்திய ஒரு போர்டில் கெர்னலை மறுபடி தொகுத்த பிறகுதான் கருவி தொடங்கவே செய்தது. இரண்டாவது, அதன் சொற்கள். ‘மறித்த த்ரெட்’ என்று அது அச்சிடுவது, வேண்டுமென்றே வழியை அடைத்தவர் என்ற பொருளில் அல்ல. விழித்த த்ரெட் ஏறும்வரை சிபியுவை வைத்திருந்தவர் என்ற பொருளில்தான். புதிதாக வருபவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் அந்த நிரலையே நீக்கிவிட ஓடுகிறார்கள். ஸ்டாக்கை வாசிக்காமல் பெயரை மட்டும் வாசிப்பது வீண்.

மூன்றாவதுதான் பெரியது. டைமர்லாட் அளப்பது தன் சொந்த த்ரெட்டை, உங்கள் நிரலை அல்ல. அந்த த்ரெட் இயல்பாக ஃபைஃபோ என்ற ரியல்டைம் ஷெட்யூலிங் வகையில் 95 என்ற உயர்ந்த முன்னுரிமையோடு ஓடுகிறது. சாதாரண முன்னுரிமையில் ஓடும் வலைச் சேவையோ தரவுத்தளமோ வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அது சொல்லாது. முன்னுரிமையை மாற்றி ஓட்டலாம், ஆனாலும் அது உங்கள் நிரலாகிவிடாது.

சாதாரணப் பணிகளுக்கு நான் ஷெட்யூலர் நிகழ்வுகளைப் பதிவுசெய்து காட்டும் ‘பெர்ஃப் ஷெட்’ கட்டளைக்குப் போகிறேன். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை முடிக்க மனம் வரவில்லை. ஒரே பதிவை ‘லேட்டன்சி’ என்ற துணைக்கட்டளையாலும் ‘டைம்ஹிஸ்ட்’ என்ற துணைக்கட்டளையாலும் வாசித்தால் காத்திருப்பு வெவ்வேறாக வரும். டைம்ஹிஸ்ட்டில் உள்ள ஷெட்யூலிங் தாமதம் என்ற பத்தி (நெடுவரிசை), த்ரெட் விழித்தெழுந்த கணத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருந்த த்ரெட் உறங்கப் போகாமல் பாதியில் இறக்கிவிடப்பட்டால், அதற்கு விழிப்பு என்று ஒன்று இல்லை. எனவே அந்தப் பத்தியில் 0 நிற்கும், காத்திருப்பு பக்கத்துப் பத்திக்குப் போய்விடும். லேட்டன்சி துணைக்கட்டளை அப்படியல்ல. ஓடத் தயாராக இருந்தும் இறக்கப்பட்ட கணத்திலிருந்தே காத்திருப்பாகக் கணக்கிடுகிறது. பிசிசி என்ற கருவித்தொகுப்பில், ஓடக் காத்திருக்கும் நேரத்தை அளக்கும் ‘ரன்கியூலாட்’டும் இந்த வழியையே பின்பற்றுகிறது. கன்டெய்னர்களுக்கு சிபியு வரம்பு வைத்து நடத்துபவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்: ஒதுக்கீடு தீர்ந்து நிறுத்தப்பட்ட த்ரெட்டும் விழிப்பில்லாமல் காத்திருப்பதுதான். டைம்ஹிஸ்ட்டின் ஒரு பத்தியை மட்டும் பார்த்து ஷெட்யூலர் நன்றாகவே இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு, வேறெங்கோ தேடி அலைவது எளிது. நிறுத்தப்பட்ட தடவைகளையும் நேரத்தையும் சிகுரூப்பின் ‘சிபியு ஸ்டாட்’ கோப்பில் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் இருந்து, லினக்ஸை ரியல்டைமுக்கு ஏற்றதாக்கும் ப்ரீஎம்ப்ட் ஆர்டி வசதி தனி ஒட்டு (பேட்ச்) ஏதும் இல்லாமல் முதன்மை லினக்ஸிலேயே கிடைக்கிறது. முன்பு ஒட்டுகளோடு மல்லுக்கட்டத் துணிந்தவர்கள் மட்டும் இருந்த களத்தில், இனி ஓர் அமைப்பை மாற்றி கெர்னலைத் தொகுத்துவிட்டு ‘ரியல்டைம் ஆகிவிட்டது’ என்று நம்புபவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: உங்கள் நிரல் எத்தனை மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை விழிக்கிறதோ அதே இடைவெளியை டைமர்லாட்டுக்குக் கொடுங்கள், அதே சிபியுக்களில், சுமையோடு ஒருமுறையும் சுமையில்லாமல் ஒருமுறையும் ஓட்டுங்கள், நிறுத்தும் வரம்பாக உங்களால் தாங்க முடிந்த தாமதத்தையே வையுங்கள். அது நின்றால், சேமிக்கப்பட்ட ட்ரேஸ் கோப்பை உடனே வேறு பெயரில் எடுத்து வையுங்கள். அடுத்த ஓட்டம் அதே பெயரில் எழுதி முந்தையதை அழித்துவிடும்.