மீன் குழம்பும் பால் பணியாரமும்: ஆயுர்வேதமா, டாக்டரா?

மீன் தின்னுட்டு பால் பணியாரம் தொடாதம்பாக காரைக்குடி ஆச்சிமாரு, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு (லிவர்ல கொழுப்பு சேர்றது) வந்தவங்க யாரு பேச்சை கேக்குறதுன்னு முழிக்கிறாங்க.

காரணம்: ஆயுர்வேதத்துல விருத்த ஆகாரம், அதாவது ஒண்ணோட ஒண்ணு ஒத்துவராத சாப்பாடு; மீனும் பாலும் சேராதுன்னு பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலயே இருக்கு. டாக்டருக்கு மீன்-பால் ஜோடி பெருசில்ல, தொப்பை, சுகர், சரக்கு இதான்.

ஆதாரம்: மீன்-பால் லிவரை கெடுக்கும்னு நிரூபணம் இல்ல. எடை 5% குறைஞ்சாலே லிவர் கொழுப்பு இறங்கும், இதுக்கு நிரூபணம் இருக்கு.

செலவு: பத்தியம் ஓசி, ஸ்கேன் காசு. ஆனா பத்தியத்தோட பொடியும் வாங்குவாங்க பாருங்க, சீந்தில் சாப்பிட்டு லிவர் கெட்ட கேஸ் இந்தியாவுலயே பதிவாயிருக்கு.

வயித்து மந்தம்னா ஆச்சி சொல்றபடி இருங்க, நஷ்டமில்ல. ஃபேட்டி லிவர்னா டாக்டர்தான், விருந்துல ரெண்டாவது ரவுண்டு இனிப்புக் கந்தரப்பத்தையும் விட்டுடணும். கண்ணு மஞ்சளாச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி.