வளாக அலர்ட் சேவை: வேகத்துக்கு நாலு நட்சத்திரம், வார்த்தைக்கு ஒன்றரை

அமெரிக்காவில் படிக்க வரும் யாரும் இந்தச் சேவையை விரும்பி வாங்குவதில்லை. சேர்ந்த அன்றே பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சேர்த்து நம் தலையில் கட்டிவிடுவார்கள். குழாய் உடைந்தால், சூறாவளி வந்தால், வளாகத்தில் துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் போனுக்குச் செய்தி வரும். தனிக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பீஸில் அடங்கிவிடும். மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். அதில் இரண்டே முக்கால் வருஷம் இது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. பனி பெய்தால் லீவு என்று சொல்லும், சந்தோஷமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் கடைசியில்தான் யோசிக்க வேண்டி வந்தது. ஆகஸ்ட் 21 அன்று பென்சில்வேனியாவில் வில்லனோவா, டென்னசியில் சட்டனூகா என்று ஒரே நாளில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு, துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்று பொய் போன் வந்தது. வில்லனோவாவில் அப்போது புது மாணவர்களுக்கான வரவேற்பு நாட்கள். அதன் பிறகு வரிசையாகப் பல வளாகங்களுக்கு இதே மாதிரி வந்தது, எங்கள் முறையும் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், இந்த விமர்சனத்தில் வரும் குறைகள் எல்லா ஊரிலும் இருக்கக்கூடியவைதான்.

மதியம் 2:07. மூன்றாவது மாடி லேப். நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு போனும் ஒரே சமயத்தில் கத்தின, சைலண்டில் போட்டிருந்த என் போன் உட்பட. வேகத்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தது இதற்குத்தான். போலீசுக்குத் தகவல் போய் மூன்று நிமிஷத்தில் எங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. வெளியே சைரனும் அடித்திருக்கிறது, ஆனால் லேப்பில் ரசாயனப் புகையை உறிஞ்சும் விசிறி ஓடும் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆக சைரனை நம்பாதீர்கள், போன்தான்.

சரி, செய்தியில் என்ன இருந்தது? வளாகத்தில் துப்பாக்கியுடன் ஒருவர், உள்ளே இருங்கள், கதவைப் பூட்டுங்கள். எந்தக் கட்டடம் என்று இல்லை. வளாகமோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க அரைமணி ஆகும். ஓட வேண்டுமா, ஒளிய வேண்டுமா என்று முடிவெடுக்க எங்களுக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல் அதுதான். அடுத்த செய்தி 26 நிமிஷம் கழித்து வந்தது, போலீஸ் சோதனை நடக்கிறது என்று. அதிலும் இடம் இல்லை. நூலகம் என்று மூன்றாவது செய்தியில்தான் சொன்னார்கள், அதற்குள் நூலகத்திலிருந்து ஓடி வந்த கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் பார்த்தாகிவிட்டது.

கதவைப் பூட்டச் சொன்னார்களே, எங்கள் லேப் கதவுக்கு உள்பக்கம் பூட்டே கிடையாது. சாவி கீழ்த்தளத்து ஆபீசில் இருக்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது, அதனால் மேஜையை முட்டுக் கொடுத்தும் பயனில்லை. பயிற்சி வீடியோவில் பார்த்தது ஒருத்திக்கு ஞாபகம் வந்தது: கதவைத் தானாகச் சாத்தும் இரும்புக் கை மேலே இருக்குமே, அதை பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் கதவு திறக்காது. ஸ்டூல் மேல் ஏறி, சக மாணவரின் பெல்ட்டை வாங்கி, மூன்று சுற்று சுற்றிக் கட்டினாள். அந்த வீடியோவைப் போன வருஷம் கட்டாயத்தின் பேரில் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்தவள் நான்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் நடந்தது. கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வராந்தாவில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த மதுரைப் பையன் டிபன் பாக்ஸோடு சாவகாசமாக நடந்து வருகிறான். இழுத்து உள்ளே போட்டோம். "என்னக்கா, இன்னைக்கு லீவா? யாரையுமே காணோம்" என்றான். அவன் வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஊர் நம்பர், அதை இந்தச் சேவையில் பதிய முடியாது, அமெரிக்க (+1) நம்பர் மட்டும்தான் ஏற்கும். மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஆனால் புது மின்னஞ்சலை அவன் இன்னும் போனில் போட்டுக்கொள்ளவில்லை. ஆப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முதல் இரண்டு வாரம்தான் பிள்ளைகளுக்கு வழி தெரியாது, ஆள் தெரியாது, கட்டடத்தின் பெயர் கூடத் தெரியாது. அந்த இரண்டு வாரம் பார்த்து இந்தச் சேவை அவர்களை விட்டுவிடுகிறது. இதற்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் கழித்தேன்.

இந்தச் சேவை ஏன் வந்தது என்று தெரிந்தால் என் கோபம் கொஞ்சம் புரியும். 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை 7:15 வாக்கில் வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் என்ற விடுதியில் இரண்டு பேரைச் சுட்டார்கள். தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் நினைத்தது. எல்லோருக்கும் முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து. அதிலும் விடுதியில் துப்பாக்கிச் சூடு சம்பவம், எச்சரிக்கையாக இருங்கள் என்ற அளவில்தான் இருந்தது, ஆள் செத்ததாக ஒரு வார்த்தை இல்லை. படித்தவர்கள் வழக்கம்போல வகுப்புக்குப் போனார்கள். 9:40 வாக்கில் அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தின் வாசல் கதவுகளைச் சங்கிலியால் பூட்டிவிட்டு உள்ளே சுட ஆரம்பித்தான். ஆயுதத்தோடு ஒருவன் திரிகிறான், வெளியே வராதீர்கள் என்று தெளிவாகச் சொன்ன இரண்டாவது அஞ்சல் போனது 9:50க்கு, அங்கே ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மொத்தம் 32 பேர். அன்று நாரிஸ் ஹாலில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். அவரும் போனார், அவர் வகுப்பு மாணவர்களில் ஒன்பது பேரும் போனார்கள்.

1990இல் வந்த கிளெரி சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, வளாகக் குற்றங்களை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக. வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு 2008இல் அதைத் திருத்தி, ஆபத்து உறுதியானதும் தாமதமில்லாமல் வளாகம் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள். அதனால்தான் இன்று எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஏதோ ஒரு பெயரில் இந்த அலர்ட் இருக்கிறது. தாமதத்துக்காக வர்ஜீனியா டெக் கடைசியில் கட்டிய அபராதம் எவ்வளவு தெரியுமா? 32,500 டாலர். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவரின் ஒரு வருஷ பீஸ் பல இடங்களில் இதைவிட அதிகம். இரண்டு குடும்பங்கள் தொடுத்த வழக்கில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது, 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

நேரத்தைச் சரிசெய்துவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். 2023 பிப்ரவரியில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தபோது சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் செய்தி போய்விட்டது. ஆனால் சொல்லும் விஷயத்தில் 9:26 அஞ்சலின் வாடை இன்னும் போகவில்லை என்பது என் கருத்து. சட்டத்துக்கு வேண்டியது அனுப்பினோம் என்ற கணக்கு. மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது இடமும் அடுத்த செய்தி எப்போது வரும் என்பதும். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இன்னும் பத்து நிமிஷத்தில் மறுபடி சொல்கிறோம் என்று ஒரு வரி போட்டிருந்தால்கூட அந்த 26 நிமிஷம் அப்படி நீண்டிருக்காது.

அந்த இடைவெளியை நாங்களே நிரப்பினோம். 2023 ஆகஸ்ட் 28 அன்று வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் ஒரு பேராசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டு, வளாகம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. அப்போது மாணவர்களும் வீட்டாரும் அனுப்பிக்கொண்ட செய்திகளை மட்டுமே வைத்து அங்கத்திய மாணவர் நாளிதழ் முதல் பக்கத்தை நிரப்பியது. என் போனில் அன்று இருந்ததும் அதே தினுசுதான். எங்கே இருக்கிறாய், பத்திரமா, பதில் போடு, ஏன் பதில் போடவில்லை. இரண்டாவது கட்டடத்திலும் சத்தம் கேட்டதாக ஒரு குழுவில் வந்தது, பத்து நிமிஷத்தில் அது மூன்று கட்டடமானது. எல்லாம் சுத்தப் பொய். அதிகாரபூர்வச் செய்தி பேசாமல் இருந்தால் வதந்திதான் பேசும்.

3:52க்கு, ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லும் ஆல் கிளியர் வந்தது. இங்கேதான் பெரிய கோளாறு. கூடுதல் தொடர்பாக வீட்டார் மின்னஞ்சலைச் சேர்க்கலாம் என்று ஒரு வசதி இருக்கிறது, நான் அண்ணனுடையதைச் சேர்த்திருந்தேன். ஊரில் இரவு 11:37க்கு அவனுக்கு முதல் எச்சரிக்கை போயிருக்கிறது. அம்மாவை எழுப்பிவிட்டான். ஆனால் ஆல் கிளியரை எஸ்எம்எஸ், ஆப் இரண்டில் மட்டும் அனுப்பினார்கள், மின்னஞ்சலில் இல்லை. பெல்ட்டை அவிழ்த்து, படியிறங்கி, வெளியே வெயிலில் நின்று, சார்ஜ் போன போனுக்கு ஒரு கேபிள் தேடி அம்மாவைக் கூப்பிட்டபோது ஊரில் மணி இரண்டரை. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை.

பின்சேவை பற்றியும் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்ததும் எல்லாம் முடிந்ததாக நிர்வாகம் எடுத்துக்கொண்டது. மாலை 4:30 வகுப்பு நடந்தது, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டியதற்கு ஒரு நாள் கூடத் தள்ளிக் கொடுக்கவில்லை. கவுன்சலிங்கில் மூன்று நாள் முன்பதிவு இல்லாமல் போகலாம் என்றார்கள், போனேன், அந்த அம்மா நன்றாகவே பேசினார். நாலாவது நாளிலிருந்து காத்திருப்போர் பட்டியல். சேப்பல் ஹில்லில் அந்தக் கொலை நடந்து இரண்டு வாரத்தில் வேறொருவன் துப்பாக்கியைக் காட்டியதற்காக மறுபடியும் வளாகத்தைப் பூட்டினார்கள். இரண்டாவது தடவை சைரன் கேட்டவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. எனக்கு அந்த அலர்ட் ஓசைக்கே கை சில்லிடுகிறது, மழை எச்சரிக்கையாக இருந்தாலும்.

இந்த வருஷம் வருபவர்களுக்கு: விமான நிலையத்திலேயே இந்த ஊர் நம்பர் எடுத்துவிடுங்கள், அன்றிரவே சேவையில் பதியுங்கள், ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டில் ஒன்று சொதப்பும். வீட்டாருக்கு ஆல் கிளியர் போகுமா என்று சேவைப் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக்டோபர் 1க்குள் வருடாந்தரப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டாக வேண்டும். அலர்ட்டை யார் முடிவுசெய்து அனுப்புகிறார்கள் என்பது அதில் இருக்கும், சேர்வதற்கு முன்பே படித்துவிடலாம். வகுப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் சம்பவத்துக்குப் பிறகுதான் வகுப்பறைகளுக்கு உள்பூட்டு போட ஆரம்பித்தார்கள்.

கருத்துப் படிவத்தில் இவ்வளவையும் எழுதினேன். கூடவே இன்னொன்று: சோதனைச் செய்தி அனுப்பும்போது அவசரம் என்று பெரிதாகத் தொடங்கி, இது சோதனை என்பதை மூன்றாவது வரியில் போடுகிறார்கள், பூட்டிய திரையில் இரண்டு வரிதான் தெரியும். பதில் வரவில்லை. ஆனால் இந்த செமஸ்டர் சோதனைச் செய்தி போன புதன் வந்தது, முதல் வார்த்தையே சோதனை என்று. மதுரைப் பையனுக்கும் வந்தது, எனக்கு வந்து நாற்பது வினாடி கழித்து. ஒன்று என்று போட்டிருந்ததை அதனால்தான் ஒன்றரை ஆக்கினேன். அண்ணனுக்கு இன்னும் வரவில்லை.