மெலிண்டா அண்ட் மெலிண்டா: ஒரே கதைய ரெண்டு தடவ சொன்னா எப்படி இருக்கும்?

2004ல ஊடி ஆலன் எழுதி இயக்குன படமுங்க. நியூயார்க்ல ஒரு ஹோட்டல்ல கொஞ்சம் கூட்டாளிங்க சாப்புட்டுட்டு உக்காந்து பேசறாங்க, அதுல ரெண்டு பேரு நாடகம் எழுதறவங்க, ஒருத்தரு காமெடி இன்னொருத்தரு சோகம். விருந்து நடக்கற வூட்டுக்குள்ள கூப்புடாமயே ஒரு பொண்ணு வந்து நிக்கறான்னு ஒரு சம்பவத்த எடுத்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாங்க, அவ்ளோதான் கதை.

ரெண்டு மெலிண்டாவும் ராதா மிட்செல்தான். நடை, பேச்சு, தலைமுடின்னு அந்தப் புள்ள மாத்திக் காட்டுது பாருங்க, அதுக்கே பாக்கலாம். ரெண்டு கதைலயும் ஆளு வேறன்னாலும் பியானோ வாசிக்கற ஒருத்தன் வர்றான், சோகக் கதைல அவனாலதான் மெலிண்டா மறுபடியும் நொறுங்கிப் போறா, காமெடிக் கதைல மெலிண்டா மேல ஆசப்படற ஆளா நடிச்ச வில் ஃபெர்ரல் வவுறு எரியறதுக்குன்னே வந்த மாதிரி இருக்கான். ஃபெர்ரல் வர்ற இடமெல்லாம் சிரிச்சுட்டே இருந்தனுங்க, ஊடி ஆலன் தானே நடிக்கறப்ப காட்டற பதட்டம் அப்படியே இருக்கு.

சோகக் கதைதான் இழுவை. எல்லாரும் மேடைல நின்னு வசனம் ஒப்பிக்கற மாதிரியே பேசறாங்க. அதுவுமில்லாம, எழவு வூட்டுத் திண்ணைலயே மாமன் மச்சான் கேலி பேசி சிரிக்கறத பாத்து வளந்த கோபிக்காரனுக்கு, ரெண்டையும் இப்படி வரப்பு கட்டிப் பிரிச்சது கொஞ்சம் ஒட்டலைங்க.

ஒரு தடவ தாராளமா பாக்கலாம். சப்டைட்டில் போட்டுக்குங்க, பேச்சு படு வேகம். தற்கொலைப் பேச்சு வருது, பொடுசுகள பக்கத்துல வெச்சுட்டு பாக்க வேண்டாமுங்க.