கூகுள் இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்: செட் பண்ணது அப்பா, ரிவியூ எழுதுறது நான்

பொதுவா ஒரு பொருளை யூஸ் பண்ணவங்கதான் ரிவியூ எழுதுவாங்க, ஆனா இதை செட் பண்ண ஆளால திரும்பி வந்து ஸ்டார் போட முடியாது, அதனால அவர் பிள்ளை நான் போடுறேன். 5க்கு 4. அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வரும், அதுல எங்க முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு.

கேள்விப்படாதவங்களுக்கு சுருக்கமா. இது 2013லயே வந்துருச்சு, கூகுள் அக்கவுன்ட் செட்டிங்ஸ்க்குள்ள எங்கயோ ஒரு மூலைல கிடக்கும். 3 மாசம், 6, 12, 18னு நாலு கெடு, அதுல ஒண்ணு நீங்க தேர்ந்தெடுக்கணும். அவ்வளவு நாள் அக்கவுன்ட்ல உங்க நடமாட்டமே இல்லன்னா நீங்க பேர் குடுத்து வச்ச ஆளுங்களுக்கு மெயில் போகும், 10 பேர் வரைக்கும் போடலாம், உங்க டேட்டாவுல யாருக்கு மெயில், யாருக்கு போட்டோ, யாருக்கு டிரைவ் (ஆன்லைன்ல சேத்து வச்ச ஃபைல்) டவுன்லோடு பண்ண விடணும்னு தனித்தனியா டிக் பண்ணலாம், கூடவே உங்க கையால ஒரு நாலு வரி எழுதியும் வைக்கலாம். காசு கிடையாது. பத்து நிமிஷ வேலை.

அப்பா போனப்ப எங்க கைல இருந்தது ரெண்டு பேங்க் கார்டு, ஒரு நைஞ்சுபோன ஃபைல், லாக் ஆன ஒரு போன். அவ்வளவுதான். மனுஷன் ரொம்ப டெக்னாலஜியா எல்லா ஸ்டேட்மென்ட்டையும் பேப்பர் வேண்டாம் மெயில்ல அனுப்புங்கன்னு மாத்தி வச்சிருந்தார், அதனால வீட்டுக்குத் தபால்னு ஒண்ணுமே வராது. எங்க என்ன இருக்குன்னு தெரியாம எதை செட்டில் பண்றது? பேங்குக்குப் போனா (பேர் வேண்டாம்) ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஃபாரம், போன வாரம் இருந்தவர் கேட்டது வேற இந்த வாரம் இருக்கறவர் கேக்குறது வேற. அங்க கத்துக்கிட்டது ஒண்ணுதான், டெத் சர்டிபிகேட்டை ரெண்டு மூணு காப்பி வாங்கிட்டு நிறுத்தாதீங்க, ஆளாளுக்கு ஒரிஜினல் கேப்பாங்க, சிலர் திருப்பியே தர மாட்டாங்க, முதல் தடவையே கைநிறைய வாங்கிடுங்க.

அப்பா ரெண்டு வருஷம் முன்னாடி அக்காகிட்ட "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கூகுள்ல இருந்து உனக்கு ஒரு மெயில் வரும்மா"ன்னு சொல்லிருக்கார். அக்கா "சும்மா இருங்கப்பா, பேச்சைப் பாரு"ன்னு வாயை அடைச்சுட்டா. எவ்வளவு நாள்ல வரும், எதுக்கு வரும்னு கேக்கவே இல்ல. இப்ப அவ தினமும் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பாக்குறா, ஒரு மாசம், ரெண்டு மாசம், நாலு மாசமும் ஆச்சு, ஒண்ணும் வரல.

ஏன் வரலன்னா, இதுதான் இந்த ரிவியூவுல முக்கியமான இடம், எங்களைப் பாத்தவங்க எல்லாருமே "அப்பா நம்பரை மட்டும் அவசரப்பட்டு கட் பண்ணிடாதீங்க"ன்னு சொன்னாங்க, அது சரியான அட்வைஸ்தான், எந்த அக்கவுன்ட்டோட எந்த நம்பர் ஒட்டிக்கிட்டிருக்குன்னு தெரியாம சிம்மை சரண்டர் பண்ணிட்டா அப்புறம் அந்த நம்பர் வேற யாருக்கோ போயிடும். (அதுக்காக அந்த நம்பருக்கு வர்ற ஓடிபியை வச்சு அவர் பேங்க்ல இருந்து பணத்தை மாத்துறது, பின் தெரியும்னு கார்டைத் தேய்க்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம். வாரிசுக்குள்ள நாளைக்கு ஒரு பேச்சு வந்தா முதல்ல நிக்கிறது அந்தக் கணக்குதான், பேங்குக்கு விஷயம் தெரிஞ்சாலும் சிக்கல்.) சரின்னு தம்பி அப்பாவோட ஆண்ட்ராய்டு போனை அப்படியே சார்ஜர்ல சொருகி ஷெல்ஃப்ல வச்சுட்டான், வைஃபையும் ஆன்லதான் இருந்துச்சு. ஆள் நடமாட்டம் இருக்கா இல்லையான்னு கூகுள் எதை வச்சுப் பாக்குதுன்னு உதவிப் பக்கத்துலயே இருக்கு, கடைசியா லாகின் பண்ணது, ஜிமெயில் யூஸ் பண்றது, அதோட ஆண்ட்ராய்டு போன் தானா செக்-இன் பண்றது. அதாவது அந்த போன் ஷெல்ஃப்ல உக்காந்துக்கிட்டு தினமும் "ஆள் இருக்கார், ஆள் இருக்கார்"னு அட்டெண்டன்ஸ் குடுத்துக்கிட்டே இருந்திருக்கு போல, நாங்களும் நாலு மாசமா அதுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

இதை நான் படிச்சுட்டு சொன்னப்ப தம்பி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சிம்மைக் கழட்டி ஒரு பழைய பட்டன் போன்ல போட்டோம், ஆண்ட்ராய்டை ஆஃப் பண்ணோம். அப்பா போட்டிருந்த கெடு 3 மாசம்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. நடுவுல ரெண்டாவது மாசம் முடியுற சமயத்துல பட்டன் போனுக்கு கூகுள்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ். கெடு முடியறதுக்கு ஒரு மாசம் இருக்கும்போது அக்கவுன்ட்காரருக்கே ஒரு எச்சரிக்கை அனுப்பும், உயிரோட இருக்கற ஆள் மறந்துட்டாரோன்னு. தம்பி பதறிப்போய் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் பண்றான், இதுக்கு ஏதாவது ரிப்ளை பண்ணணுமான்னு. தொடாதடா, எதுவும் தொடாதேன்னேன். அன்னைக்கு எனக்கும் தூக்கம் வரல.

அப்புறம் அக்காவுக்கு மெயில் வந்துச்சு. அப்பா எழுதி வச்சதுல பாசமா ஒரு வார்த்தை கிடையாது, அவர் ஸ்டைலே அதுதான். "டிரைவ்ல கணக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. முதல்ல கடைசி ஷீட்டைப் பார்." அவ்வளவுதான். லிங்கைத் திறந்தா அக்கா நம்பருக்கு ஒரு கோடு வந்துச்சு, அதைப் போட்டாத்தான் உள்ள விடும், அந்த நம்பரும் அப்பா செட் பண்றப்ப குடுத்ததுதான்.

கடைசி ஷீட்டுல என்ன இருந்துச்சுன்னா அவர் மத்தவங்களுக்குக் குடுக்க வேண்டியது. சொத்து லிஸ்ட் இல்ல, கடன் லிஸ்ட். மூணு பேர், தொகை, எப்ப வாங்கினது, எவ்வளவு திருப்பிக் குடுத்தாச்சுன்னு. அதுல ஒருத்தர் துக்கம் கேக்க வந்தப்ப வாயே திறக்கல. நேர் எதிர்மாறா இன்னொருத்தர் லிஸ்ட்லயே இல்ல, ஆனா பாக்கி இருக்குன்னு ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போனார், அவர்கிட்ட பேப்பர் இருந்தா காட்டுங்கன்னோம், அதுக்கப்புறம் ஆளைக் காணோம்.

கடன் விஷயத்துல ஊருக்கு ஊரு சட்டம் வேற, ஆனா பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி இறந்தவரோட கடனைப் பாக்கணும்ங்கறது பொதுவா எல்லா இடத்துலயும் உண்டு. அதேசமயம் போன்ல எவனோ மிரட்டினான்னு உங்க பாக்கெட்ல இருந்து எடுத்துக் குடுத்துடாதீங்க, நீங்க ஜாயின்ட்டா வாங்கின லோனா, கேரண்டி கையெழுத்து போட்டிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க, எழுத்துல அனுப்பச் சொல்லுங்க.

மெயில் டேட்டாவும் டிக் பண்ணி வச்சிருந்தார். அது எம்பாக்ஸ்னு ஒரே பெரிய ஃபைலா வருது, டபுள் கிளிக் பண்ணா திறக்காது, தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மெயில் மென்பொருள்ல ஏத்தணும், அதுக்கு ஒரு சனி ஞாயிறு போச்சு. ஆனா ஏத்தினதும் சர்ச்ல பிரீமியம், ரினியூவல், மெச்சூரிட்டி, ஸ்டேட்மென்ட்னு ஒவ்வொரு வார்த்தையா போட்டுத் தேடினோம், வீட்ல யாருக்குமே தெரியாத ஒரு இன்சூரன்ஸ் பாலிசி கிடைச்சது, ஷீட்லகூட எழுத மறந்திருக்கார். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுற பாலிசி. அதனால தேடும்போது கடைசி மூணு மாசத்தோட நிறுத்தாதீங்க, முழுசா ஒரு வருஷமாவது பின்னாடி போங்க. மாசாமாசம் கார்டுல ஓடிக்கிட்டிருந்த நாலு சந்தாவும் சிக்குச்சு, அதுல ஒண்ணு தியானம் சொல்லிக் குடுக்குற ஆப். அப்பாவா தியானம் பண்ணார்? இன்னைக்கு வரைக்கும் புரியல.

சரி, குறை. இது உயில் இல்ல. எங்க என்ன இருக்குங்கற தகவல் மட்டும்தான் கிடைக்கும், அதை எடுக்குற உரிமை கிடைக்காது. அதுக்கு உயிலோ, நாமினியோ, ஜாயின்ட் அக்கவுன்ட்டோ, இல்ல கோர்ட் பேப்பரோ, அந்தந்த ஊர் சட்டம் கேக்குறது தனியா வேணும். நாமினின்னு பேர் இருக்கறதாலயே முழுப் பணமும் அவருக்கே சொந்தம்னு எல்லா ஊர்லயும் கிடையாது, இதுல எத்தனை குடும்பம் அடிச்சுக்குதுன்னு பாத்திருப்பீங்க. அப்புறம் பாஸ்வேர்டு எதுவும் கைக்கு வராது. டவுன்லோடு பண்றதுக்கும் 3 மாசம்தான் டைம். குறைஞ்சபட்ச கெடுவே 3 மாசம்ங்கறது பணம் செட்டில் பண்ற வேலைக்கு ரொம்ப லேட், கிளெய்ம் எல்லாம் சீக்கிரம் சொல்லுங்கன்னு கேப்பாங்க. ஒரு ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான். சும்மா நடமாட்டம் இல்லாத அக்கவுன்ட்ங்கறதுக்கும் ஆள் இறந்துட்டார்ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இதுக்குத் தெரியாது.

அந்த விதத்துல ஆப்பிளோட லெகசி கான்டாக்ட் வேற மாதிரி, அம்மா வச்சிருக்கறது ஐபோன்ங்கறதால அதையும் இப்ப போட்டாச்சு. ஐஓஎஸ் 15.2ல, 2021 டிசம்பர்ல வந்தது. அதுல வெயிட்டிங் கெடுவே இல்ல, செட் பண்றப்ப ஒரு ஆக்சஸ் கீ குடுக்கும், பின்னாடி அந்தக் கீயும் டெத் சர்டிபிகேட்டும் குடுத்தா ஆப்பிள் சரிபார்த்துட்டுத் திறந்து விடும், 5 பேர் வரைக்கும் போடலாம். முதல் ரிக்வெஸ்ட் ஓகே ஆனதுல இருந்து 3 வருஷம் பாக்கலாம், அதுக்கப்புறம் அக்கவுன்ட் அழிஞ்சிடும். அதுலயும் கீசெயின்ல (ஆப்பிள் பாஸ்வேர்டு சேத்து வைக்கிற இடம்) இருக்குற பாஸ்வேர்டு, கார்டு விவரம், வாங்கின படம் பாட்டு எதுவும் வராது. ஆக்சஸ் கீயை பிரிண்ட் எடுத்து அம்மா பீரோல வச்சப்ப "நான் இன்னும் இருக்கேன்டா"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. ஆனா அடுத்த நாளே தன்னோட டெபாசிட் ரசீதையெல்லாம் கொண்டாந்து டேபிள் மேல வச்சுட்டாங்க.

நானும் கூகுள்ல போட்டுட்டேன், 3 மாசம், அக்கா பேரு, டிரைவும் மெயிலும் மட்டும். எழுதுற கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம அப்பா எழுதின மாதிரியே ஃபோல்டர் பேரை மட்டும் போட்டு வச்சிருக்கேன். இப்ப அக்கா அடுத்த மாசம் நம்பரை மாத்தப் போறாளாம், அதுக்குள்ள போய் செட்டிங்ஸ்ல புது நம்பரைப் போடணும்.