அக்ரீ 2-ஆ, ஐசிஏஎச்இ-யா? இரண்டு பேர் பார்த்தால் ஒரே மதிப்பெண் வருமா?

ஒரே நோய்க்கான எட்டு சிகிச்சை வழிகாட்டி நெறிமுறைகளைத் தரம் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் முன் இருந்தவை அதற்கான இரண்டு கேள்விப் பட்டியல்கள்: அக்ரீ 2 (AGREE II), ஐசிஏஎச்இ (iCAHE) சரிபார்ப்புப் பட்டியல். அக்ரீ 2-ஐ எடுத்தோம். மறுபடி செய்யச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

வேகம் என்றால் ஐசிஏஎச்இ-தான். 14 கேள்விகள், ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். அக்ரீ 2-இல் 6 பிரிவுகள், 23 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். குறைந்தது இருவர், முடிந்தால் நால்வர் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்கிறது கையேடு.

என்னை முடிவெடுக்க வைத்தது நம்பகத்தன்மை: ஒரே ஆவணத்தை இரண்டு பேர் படித்தால் மதிப்பெண் ஒத்துப்போகிறதா? முதல் ஆவணத்திலேயே 22-ஆவது கேள்வியில் முட்டிக்கொண்டோம். நிதி கொடுத்தவரின் கருத்து நெறிமுறையைப் பாதிக்கவில்லையா என்பது கேள்வி. நான் 6 போட்டேன், உடன் மதிப்பிட்டவர் 2 போட்டார். நிதி கொடுத்தது யார் என்று ஆவணத்தில் இருந்தது. அவர் தலையிடவில்லை என்ற வரி இல்லை. பெயரைச் சொன்னதே போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். கையேட்டைப் புரட்டினால், அந்த வரியையும் தேடச் சொல்கிறது. உடன் மதிப்பிட்டவர் பக்கம்தான் நியாயம். அப்புறம் இதை ஒரு விதியாக எழுதிவைத்துக்கொண்டோம். அடுத்த ஆவணத்தில் அதே கேள்விக்கு எங்கள் வித்தியாசம் ஒரு மதிப்பெண்தான். ஆம்/இல்லை வடிவத்தில் முரண்பாடு தெரியும், எவ்வளவு தூரம் விலகினோம் என்பது தெரியாது.

ஆம்/இல்லை விடைகளுக்குப் பெரும்பாலும் கப்பா கணக்கிடுவார்கள்: தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் எண் அது; 1 என்றால் முழு உடன்பாடு, 0 என்றால் வெறும் தற்செயல். அதில் ஒரு சிக்கல். 20 ஆவணங்களில் 18-க்கு இருவருமே 'ஆம்', மீதி இரண்டில் ஆளுக்கு ஒன்றில் 'இல்லை' என்று வையுங்கள். ஒத்துப்போனது 90%. கப்பாவோ -0.05! கிட்டத்தட்ட எல்லாமே 'ஆம்' என்பதால், தற்செயலாகவே 90.5% ஒத்துப்போகும் என்று அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அக்ரீ 2-க்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஐசிசி-யும் (ICC, மதிப்பிடுபவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் எண்) ஏமாற்றும். மதிப்பெண்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் அதுவும் சரிந்துவிடும். ஒருவருக்கான ஐசிசி 0.5 என்றால், நால்வரின் சராசரிக்கு அது 0.8 ஆகிவிடும். எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது. ஒருவர் எப்போதும் 2 மதிப்பெண் குறைத்தே போட்டாலும், 'சீர்மை' வகை ஐசிசி முழுமையாக 1 காட்டும். நாங்கள் அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்கும் 'முழு உடன்பாடு' வகையைத்தான் எடுத்தோம்.

ஐசிஏஎச்இ-யை நான் இரண்டே ஆவணங்களில் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் அதன் மேல் கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தனி ஆளாக இருபது ஆவணங்களை ஒரே நாளில் சலிக்க வேண்டும் என்றால் அதையே எடுப்பேன்.